சமையல் வண்டியைச் சுட்ட சிவப்புப்படை

போரை அவசரப்பட்டு நடத்தக் கூடாது என்பதில் போர்ப்பயிற்சி விளையாட்டுத் துறைக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. துறை தொடங்கி முப்பது வருடமாகிறது. இந்த முப்பது வருடத்தில் நாட்டில் ஒரு போரும் மூளவில்லை. அதற்குத் தங்கள் துறையின் சீரிய பணியே காரணம் என்று ஆண்டறிக்கையில் வருடம் தவறாமல் எழுதி வருகிறார்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

துறையின் வேலை எளிமையானது. படை அதிகாரிகள் பயிற்சிக்கு வருவார்கள். மாடிக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் மலை, ஆறு, பாலம், டாங்கிகள். நீலப்படையைப் பயிற்சிக்கு வந்தவர்கள் நடத்துவார்கள். சிவப்புப்படைதான் எதிரி, அதைக் கம்ப்யூட்டர் நடத்தும். நடத்தும் என்று பேச்சுக்குச் சொல்வதுதான். சிவப்பு டாங்கி ஒன்று சுட வேண்டுமென்றால், யாரைச் சுடுவது என்று துறை சொல்ல வேண்டும். அதற்கு 'இலக்கு ஒதுக்கீட்டுப் படிவம்' என்று ஒன்று, மூன்று பிரதிகள். எழுத்தர் நிரப்பி, கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிட்டு, இயக்குநர் கையெழுத்தாகித் திரும்பி வந்ததும் புரோகிராமர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அதற்குள் அந்த டாங்கி செத்துச் சுண்ணாம்பாகியிருக்கும். எதிரி நம்முடைய கையெழுத்துக்காகக் காத்திருந்து சாகிற போர் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்தப் புரோகிராமரை அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு வேலை போகும். ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி வரும். அந்த ஒரு நாளில் வீட்டில் உட்கார்ந்து அழுவதா, துணி துவைப்பதா என்று யோசித்துத் துணி துவைத்துவிடுவாள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு ஒன்பது வருடமாக மேஜை மேஜையாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வயது முடிந்தால் நிரந்தரம் கிடையாது என்பது விதி. அவளுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. பஸ் ஓட்டுகிற அவள் கணவன், மற்ற வீடுகளில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிற மாதிரி, தினமும் "ஃபைல் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த போருக்கு வினை ஒரு தளபதி ரூபத்தில் வந்தது. பயிற்சியைப் பார்வையிட வந்த அவர், சிவப்புப்படை வரிசையாக நின்று சாவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இந்த எதிரி ரொம்ப மரியாதைப்பட்டவனா இருக்கானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இயக்குநருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நல்லவேளையாக, அடுத்த வாரம் ஒரு கருத்தரங்குக்குப் போனவர் அங்கிருந்து ஒரு புது வார்த்தையோடு திரும்பி வந்தார்.

"தன்முடிவு!" என்றார், கூட்டம் போட்டு. "இப்ப எங்க பாத்தாலும் அதான் பேச்சு. மெஷின் தானா யோசிக்கணும், தானா சுடணும். உலகம் எங்கயோ போயிட்டிருக்கு. நாம இன்னும் மூணு பிரதி எடுத்துட்டிருக்கோம்."

கண்காணிப்பாளருக்குப் பின்னிணைப்பு என்று பட்டப்பெயர். அவர் எழுதுகிற எந்தக் குறிப்புக்கும் பின்னால் குறைந்தது நான்கு பின்னிணைப்புகள் இருக்கும். அவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "தானா சுடட்டும் சார், வேணாங்கல. சுட்ட பிறகாவது நமக்கு ஒரு தகவல் கொடுக்கணுமில்லையா?"

அப்படியே முடிவாயிற்று. 'பொருள்: கணினிப் படையினர் தமது இலக்கைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதித்தல் தொடர்பாக' என்று உத்தரவு மூன்று பிரதிகளில் வெளியானது.

கம்ப்யூட்டரம்மா நான்கே நாளில் வேலையை முடித்தாள். யார் பக்கத்தில் இருக்கிறான், யாரால் ஆபத்து அதிகம், யாரை அடித்தால் எதிரணி நிலைகுலையும் என்று மூன்று கேள்விகளைச் சிவப்புப்படைக்குச் சொல்லிக்கொடுத்தாள். சண்டை தெரிந்த யாரும் கேட்கிற கேள்விகள்தான். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு வேலையை வேலையாகச் செய்த சந்தோஷம் அவளுக்கு. கோப்பு இனி நகர்ந்துவிடும் என்றுகூட நினைத்தாள்.

வெள்ளோட்டத்தன்று நீலப்படைக்குத் தானே தலைமை தாங்குவதாக இயக்குநர் சொன்னார். அதற்கென்று ஒரு தொப்பியும் வாங்கி வந்திருந்தார். பதினோரு நிமிடம் ஆனது. சிவப்புப்படை நீல டாங்கிகளைத் திரும்பியும் பார்க்காமல் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போய், நேராகத் தலைமையிடத்தின் மேல் குண்டு போட்டது. திரையில் 'நீலப்படைத் தலைவர் வீரமரணம்' என்று வந்தது. பயிற்சிக்கு வந்த ஓர் அதிகாரி கைதட்டிவிட்டு, சமாளித்துக்கொண்டு கொசு அடிப்பது போலத் தொடையிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

"யாரைக் கேட்டுச் சுட்டது?" என்றார் இயக்குநர், தொப்பியைக் கழற்றாமலே.

"யாரையும் கேக்கல சார். தானாவே தேர்ந்தெடுத்துச்சு. நீங்க போட்ட உத்தரவுதான்."

"தேர்ந்தெடுக்கச் சொன்னேன். என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேனா?"

பின்னிணைப்பு உடனே உதவிக்கு வந்தார். "எடுத்த எடுப்புல மேலதிகாரியைச் சுடறது நடைமுறைக்கே விரோதம் சார். சீனியாரிட்டிப்படி பாத்தா நீங்க கடைசியிலதானே வரணும்?"

இதனால் 'இலக்குத் தேர்வு நெறிமுறைக் குழு' அமைக்கப்பட்டது. குழு நான்கு முறை கூடியது. முதல் கூட்டத்தில் எதிரி என்றால் யார் என்று வரையறுக்க முயன்று, சட்டப் பிரிவின் கருத்து வராததால் ஒத்திவைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் திருத்தினார்கள். மூன்றாவதில் திருத்தத்தைத் திருத்தினார்கள். நான்காவது கூட்டத்தில் இயக்குநர் இன்னொரு கருத்தரங்கிலிருந்து திரும்பியிருந்தார்.

"இப்பல்லாம் மெஷினுக்கு யாரும் விதி எழுதிக் குடுக்கறதில்ல. பழைய முடிவுகளை அப்படியே ஊட்டிவிட்டாப் போதும். பாத்துப் பாத்து அதுவே கத்துக்குது."

"போர்ல எடுத்த முடிவு நம்மகிட்ட ஏது சார்?" என்றாள் கம்ப்யூட்டரம்மா.

பின்னிணைப்பின் முகம் பிரகாசமானது. வாழ்க்கையில் சில பேருக்குத்தான் இப்படி ஒரு கணம் வாய்க்கும். "போர் இல்லன்னா என்னம்மா? முடிவு இருக்கே! பதிவறை நிறைய இருக்கே! பதினோராயிரம் ஃபைல்!"

"சார், அதெல்லாம் குழாய் ஒடஞ்சது, நாற்காலி காணாமப் போனதுன்னு..."

"முடிவு முடிவுதாம்மா. குழாய்க்கு எடுத்தா என்ன, கோட்டைக்கு எடுத்தா என்ன?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு அன்போடு சொன்னார்: "உங்க நிரந்தர ஃபைல் இப்ப என் டேபிள்லதான் இருக்கு. சும்மா தெரிஞ்சுக்குங்கன்னு சொன்னேன்."

அவள் பதிவறைச் சாவியை வாங்கிக்கொண்டாள். மறுத்திருக்கலாம். ஒன்பது வருடம் காத்திருந்து பார்த்தவர்கள்தான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பதினோராயிரம் கோப்புகளையும் தட்டச்சு செய்கிற பொறுப்பு டைப்பிஸ்ட் அக்கா தலையில் விழுந்தது. இரும்பு பீரோவுக்குப் பின்னால், கம்ப்யூட்டரம்மாவின் மேஜையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருடமாகத் தினக்கூலி. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. ஒரு தனித்தாளில் கையெழுத்துப் போடுவார், மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். கம்ப்யூட்டரம்மாவின் மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே கிடந்து பார்த்துக்கொண்டது இந்த அக்காதான். அந்த இரண்டு நாள் கூலியும் போயிற்று.

ஐந்து மாதம் அக்கா தட்டினார். என்ன நடந்தது, யார் யார் சம்பந்தப்பட்டவர்கள், முடிவில் யார்மேல் நடவடிக்கை என்று மூன்று கட்டங்கள். அவ்வப்போது தலையைத் தூக்கி ஒரு கோப்பை வாசித்துக் காட்டுவார்.

"இதைக் கேளேன். கூரை ஒழுகி ரெக்கார்டெல்லாம் நனைஞ்சு போச்சாம். கட்டுன கான்ட்ராக்டர், சரின்னு சொன்ன இன்ஜினியர், கையெழுத்துப் போட்ட ஆபீசர், எல்லார்கிட்டயும் விளக்கம் கேட்டிருக்காங்க. கடைசியில பெருக்குற அம்மாவுக்கு மெமோ."

"அந்தம்மா என்னக்கா பண்ணுச்சு?"

"ஒழுகுன தண்ணியத் தொடைக்கலயாம்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார்கள். அப்புறம் அக்கா விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கோப்பைப் பிரிப்பார்.

கற்றுத் தேர்ந்த சிவப்புப்படையைக் கம்ப்யூட்டரம்மா தனியாக ஒருநாள் ஓட்டிப் பார்த்தாள். நீலப்படை வந்து பாலத்தைப் பிடித்தது. சிவப்பு டாங்கிகள் ஒவ்வொன்றாகப் பீரங்கியைத் திருப்பின. முன்னால் அல்ல, பின்னால். அங்கே சிவப்புப்படையின் சொந்தச் சமையல் வண்டி நின்றுகொண்டிருந்தது. எல்லா டாங்கிகளும் சேர்ந்து அதன்மேல் ஒரே நேரத்தில் சுட்டன.

ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். பாலம் போனதும் சமையல் வண்டி போயிற்று. அதற்கப்புறம் மலை கைவிட்டுப் போனதும் தண்ணீர் லாரி. பிறகு காயம்பட்டவர்களைத் தூக்குகிறவர்கள். பக்கத்தில் வந்து நின்ற நீல டாங்கியை ஒருவரும் தொடவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியும் பிழை எதுவும் அகப்படவில்லை. மெஷின் சரியாகத்தான் கற்றிருந்தது. ஒரு காரியம் கெட்டால், தன் ஆட்களில் கடைசியில் இருப்பவன் யார் என்று பார்க்க வேண்டும். வெளியாள்மேல் நடவடிக்கை எடுத்ததாகப் பதினோராயிரம் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

"அஞ்சு மாசம் தட்டுன எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. மெஷினுக்கு ஆகாதா?" என்றார் அக்கா.

கம்ப்யூட்டரம்மா பின்னிணைப்பிடம் போய், "சார், சிவப்புப்படை சொந்தச் சமையல்காரனைச் சுடுது" என்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பாலம் போச்சா?"

"போச்சு சார்."

"அப்ப யாரையாவது சுட்டுத்தானே ஆகணும்?"

"எதிரியைச் சுடணும் சார்!"

"எப்படிம்மா சுட முடியும்? எதிரி நம்ம நிர்வாகக் கட்டுப்பாட்டுல இல்லையே. நம்ம விதி அவனுக்குப் பொருந்தாது. நடவடிக்கைன்னா நமக்குக் கீழ இருக்கிறவன்மேலதான் எடுக்க முடியும். உங்களுக்கு இதெல்லாம் புதுசு, எட்டு ஒம்போது வருஷம்தானே ஆச்சு."

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

தளபதிக்குக் காட்ட நாள் குறித்தார்கள். போன தடவை பட்ட சூடு மறக்காத இயக்குநர், இந்த முறை மனிதர்கள் யாருமே வேண்டாம், நீலப்படையையும் மெஷினே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக இரண்டு பக்கமும் ஒரே குருவிடம் படித்த படைகள்.

பத்து மணிக்குப் போர் தொடங்கியது. பத்தே காலுக்கு நீலப்படை லாரி ஒன்று சேற்றில் சிக்கியது. நீலப்படை தன் சமையல் வண்டியைச் சுட்டது. மூடுபனியில் சிவப்புப்படை வழி தப்பியது. சிவப்புப்படை தன் சமையல் வண்டியைச் சுட்டது. அப்புறம் இரண்டு பக்கமும் தண்ணீர் லாரி, தபால்காரர், மருத்துவ உதவியாளர், சிப்பாய், அவருக்கு மேலே உள்ளவர் என்று அடியிலிருந்து படிப்படியாக நடவடிக்கை ஒழுங்காக ஏறி வந்தது. எதிரியை நோக்கி ஒரு தோட்டாகூட வீணாகவில்லை. மதியம் பன்னிரண்டுக்கு ஆற்றின் இக்கரையில் ஒரு தலைவர், அக்கரையில் ஒரு தலைவர், இரண்டு பேரும் கீறல்கூட இல்லாமல் தத்தம் கூடாரத்தில் மீதமிருந்தார்கள். திரையின் இரண்டு பக்கத்திலும் 'நிலைமை கட்டுக்குள் உள்ளது' என்று வந்தது.

தளபதி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல சுட்டது யாரோட வண்டி?"

"இந்தப் பக்கம் சமையல்காரர், ஐயா. அந்தப் பக்கமும் சமையல்காரர்தான்" என்றார் இயக்குநர்.

"எதுக்கு?"

"பொறுப்பு நிர்ணயம், ஐயா" என்றார் பின்னிணைப்பு, எழுந்து நின்று.

தளபதியும் எழுந்தார். இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல எத்தனையோ பயிற்சி பாத்துட்டேன். ஒரு படையை இவ்வளவு தத்ரூபமா காட்டின பயிற்சி இதுதான்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று எல்லோருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. அக்காவுக்கு வரும்போது தீர்ந்துவிட்டதால் கம்ப்யூட்டரம்மா தன் பங்கில் பாதியைக் கொடுத்தாள்.

தளபதியின் டிரைவர் அன்று கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. டிரைவருக்குத் தெரிந்தால் சமையலறைக்குத் தெரிந்த மாதிரி. மூன்றே நாளில் படைத் தலைமையகத்துச் சமையல்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம் அது இது என்று எதுவும் இல்லை. எங்கே எது கெட்டாலும் தங்கள் தலைதான் முதலில் உருளும் என்பதால், இனி எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டோம், உப்பு எவ்வளவு என்பதையும் மேலதிகாரியே கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும் என்று மிகப் பணிவாக எழுதிக் கொடுத்தார்கள். அன்று தளபதிக்கு மதியச் சாப்பாடு மாலை நாலரை மணிக்கு வந்தது. உப்பு பற்றிய உத்தரவு அப்போதும் வந்து சேரவில்லை.

முப்பது வருடத்தில் நாடு சந்தித்த மிகப் பெரிய பாதுகாப்பு நெருக்கடி இதுவே. துறைக்கு அவசரக் கடிதம் பறந்து வந்தது: 'மேற்படி விரும்பத்தகாத நிகழ்வுக்குக் காரணமானவர் எவர் எனப் பொறுப்பு நிர்ணயம் செய்து, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்புக.'

"குழு போடவா சார்?" என்றார் பின்னிணைப்பு.

"மெஷின் இருக்கும்போது குழு எதுக்குய்யா?" என்றார் இயக்குநர். அவர் எப்போதும் காலத்துக்கு ஒரு படி முன்னால் நிற்பவர். "நம்ம ஊழியர் பட்டியலை அதுல ஏத்துங்க. அதுவே பாத்துத் தேர்ந்தெடுக்கட்டும். பாரபட்சம்னு ஒருத்தன் வாயத் திறக்க முடியாது."

கம்ப்யூட்டரம்மாவிடம் பட்டியல் வந்தது. ஐம்பத்தேழு பெயர்கள். முதல் வரியில் இயக்குநர். ஐம்பத்தேழாவது வரியில் 'கணினி நிரலாளர் (ஒப்பந்தம்)' என்று அவள் பெயர். அதற்குக் கீழே வெள்ளைத்தாள். மெஷினை ஓட்டிப் பார்க்காமலே விடை தெரிந்துவிட்டது. அதைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

அவள் பின்னிணைப்பிடம் ஓடினாள். "சார், யாரும் எந்தத் தப்பும் பண்ணலையே. ஃபைல்ல இருந்ததைத்தானே அது கத்துக்கிச்சு? அப்படியே அறிக்கையில எழுதிடலாமே?"

"தப்பு நடந்திருக்கணும்னு யாரும்மா சொன்னா? பொறுப்பு நிர்ணயம் ஆகணும், அவ்வளவுதான். ஃபைல் மேல பழி போட்டா, அதுல கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் இப்ப எங்க உக்காந்திருக்காங்க தெரியுமா?" என்று விரலால் மேற்கூரையைக் காட்டினார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதைப் பாருங்க. உங்க நிரந்தர ஆணை. கையெழுத்தே ஆயிடுச்சு. தேதி மட்டும்தான் போடணும். அறிக்கை போனதும் போட்டுடலாம்."

"அறிக்கையில என் பேரே வந்துட்டா?"

"அப்புறம் எப்படிம்மா தேதி போடறது?" என்றார் அவர், மெய்யான வருத்தத்தோடு.

அன்று சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றும்போது வழக்கம்போல "ஃபைல் எங்க இருக்கு?" என்றான். "கையெழுத்து ஆயிடுச்சு. தேதி மட்டும் பாக்கி" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவன் ஒரு கால் செருப்போடு அப்படியே உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னான். மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னார். பக்கத்து வீட்டம்மா வந்து அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். எல்லோரும் போனபிறகுதான் அவளால் பட்டியலைப் பற்றிப் பேச முடிந்தது.

"நான்தாங்க கடைசி வரி."

பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்தப் பட்டியல் கணக்கெல்லாம் என்ன தெரியும்? கள்ளங்கபடமில்லாமல் கேட்டான்: "ஏன், உனக்குக் கீழ ஆளே இல்லையா?"

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அக்கா இரண்டு பேருக்கும் தேநீர் வாங்கி வரப் போயிருந்தார். கம்ப்யூட்டரம்மா பட்டியலைத் திறந்தாள். பட்டியல் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா? இருபத்திரண்டு வருடம் உழைத்த ஒருவரை ஊழியர் இல்லை என்று விட்டுவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! இதை யாராவது ஒருவர் எப்போதோ சரிசெய்திருக்க வேண்டாமா? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்றுகூட மனதில் ஒட்டவில்லை. கை மட்டும் ஐம்பத்தெட்டாவது வரியைத் தட்டியது: 'தட்டச்சர் (தினக்கூலி)', பக்கத்தில் அக்காவின் பெயர். யாரும் அவளுக்கு உத்தரவிடவில்லை. படிவம் இல்லை, மூன்று பிரதி இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினாள். மெஷின் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா தேநீரை வைத்துவிட்டு, "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ராத்திரி தூங்கலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் தேநீரைத் தொடாமல் பட்டியலை மூடினாள்.

மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது. தட்டச்சில் நேர்ந்த கவனக்குறைவால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏற்பட்ட ஊறு கருதி, மேற்படி தினக்கூலித் தட்டச்சர் இனி வரத் தேவையில்லை. அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் வந்தார். அழுதிருப்பார் என்று பார்த்தால் முகத்தில் ஏதோ ஒரு குழப்பம்.

"ஏம்மா, 'ஊழியர் பட்டியல் வரிசை எண் ஐம்பத்தெட்டு'ன்னு போட்டு என் பேரு இருக்கு. எப்பலேர்ந்து?"

கம்ப்யூட்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலக்கா" என்றாள்.

"இருபத்திரண்டு வருஷமா என் பேரை எதுலயாவது பாத்துட மாட்டமான்னு இருந்துச்சு. பாத்தாச்சு." தாளை நான்காக மடிக்கப் போனவர், கசங்கிவிடும் என்று நினைத்தோ என்னவோ மறுபடி நீட்டிக்கொண்டார். "இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடேன். வீட்ல காட்டணும்."

அவள் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள். அக்கா சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரம் கழித்துப் பின்னிணைப்பு நிரந்தர ஆணையில் தேதி போட்டார்.

நாற்பத்தெட்டு மணி நேரம் கேட்ட இடத்தில் ஒரு விநாடியில் பொறுப்பு நிர்ணயமானது மேலிடத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இனி எந்த அலுவலகத்தில் எது நடந்தாலும் இந்த மெஷினைக் கொண்டே பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போனது. இயக்குநருக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, அந்தக் கேடயம் இருந்த அறை முழுக்கத் தண்ணீர். இயக்குநரின் புதுக் கம்பளம் ஊறிப்போய்விட்டது. 'பொறுப்பு நிர்ணயம் செய்க' என்று கம்ப்யூட்டரம்மாவுக்குக் குறிப்பு வந்தது. அவள் பட்டியலைத் திறந்தாள். ஐம்பத்தேழு பெயர்கள். ஐம்பத்தேழாவது வரியில் 'கணினி நிரலாளர் (நிரந்தரம்)'. அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'பொருள்: தட்டச்சர் பணியிடம் ஒன்றை நிரந்தர அடிப்படையில் புதிதாகத் தோற்றுவித்தல், மிக மிக அவசரம். பணியிடம் நிரப்பப்படும்வரை கம்பள விசாரணையை ஒத்திவைக்கலாம் எனப் பணிந்து பரிந்துரைக்கப்படுகிறது.'

இதே பணியிடம் கேட்டு அக்கா இருபத்திரண்டு வருடத்தில் பதினான்கு மனு கொடுத்திருந்தார். பதினான்கும் 'தேவை எழவில்லை' என்று திரும்பி வந்தன. இப்போது கம்ப்யூட்டரம்மாவுக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும், பட்டியல் அடியிலிருந்து தேய ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். குறிப்பு ஒரே நாளில் எல்லா மேஜையும் ஏறி இறங்கியது. பின்னிணைப்பு தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பின்னிணைப்பு இல்லாமல் கையெழுத்திட்டார். 'இன்றியமையாதது' என்று இயக்குநர் பச்சை மையில் எழுதினார்.

விண்ணப்பம் வாங்குகிற நாளன்று வரிசை வாசல் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. வாங்குகிற மேஜையில் கம்ப்யூட்டரம்மாவையே உட்காரவைத்திருந்தார்கள். விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் முதலாவதாக நின்றிருந்தவர் டைப்பிஸ்ட் அக்கா. தலையைப் படிய வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கடைசியில நிரந்தரமாவே ஒரு பதவி போட்டுட்டாங்களே! என்னால நம்பவே முடியல" என்று விண்ணப்பத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "யாரும்மா இதை எழுதிக் கேட்டு வாங்குனது? அந்த மகராசி நல்லா இருக்கணும்."

"குடுங்கக்கா" என்று கம்ப்யூட்டரம்மா வாங்கி, மேல் மூலையில் ஐம்பத்தெட்டு என்று எண் போட்டாள்.